டிரிஸ்டன் மக்களைப் பற்றி அந்த வரியை எழுதியிருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் அட்லாண்டிக்கில் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட டிரிஸ்டன் டா குன்ஹா தீவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். தமிழில் அந்தத் தீவைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்திருக்கிறாரே என்று மகிழ்ச்சியோடுதான் ஆரம்பித்தேன். 1961 எரிமலை வெடிப்பைச் சொல்லும் இடத்தில் ஒரு வரி வந்தது: "இங்கிலாந்தில் நல்ல வாழ்க்கை கையில் கிடைத்தும் அதை விட்டுவிட்டு எரிமலைக்கே திரும்பிப்போன, பிழைக்கத் தெரியாத மக்கள்." அதற்குமேல் கட்டுரையை நிம்மதியாகப் படிக்க முடியவில்லை. உங்கள் இதழில், உங்கள் கண்ணைத் தாண்டி இப்படி ஒரு வரி எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 1961 ஆகஸ்டிலிருந்து அங்கே நிலம் நடுங்கிக்கொண்டிருந்தது. அக்டோபரில் ஊருக்குப் பக்கத்திலேயே தரை பிளந்து எரிமலை வெடித்தது. ஊரே படகேறி, முதலில் பக்கத்து நைட்டிங்கேல் தீவுக்கும், அங்கிருந்து ஒரு டச்சுக் கப்பலில் கேப்டவுனுக்கும், கடைசியில் இங்கிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே அவர்கள் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கவில்லை. கிடைத்த வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் குளிர்காலத்தில் முதியவர்கள் சிலர் நுரையீரல் நோய்க்குப் பலியானார்கள். ஓராண்டு கழித்து, போகலாமா இருக்கலாமா என்று வாக்கெடுத்தபோது திரும்பிப் போகவேண்டும் என்றவர்கள் 148 பேர், வேண்டாம் என்றவர்கள் 5 பேர். 1963இல் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். எரிமலைக் குழம்பு அவர்களுடைய இறால் தொழிற்சாலையையும் படகு இறக்கும் கடற்கரையையும் மூடியிருந்தது. அதைப் பார்த்த பிறகும் அங்கேயே இருந்து ஊரை எடுத்துக்கட்டினார்கள். பின்னால் சிலர் மறுபடி இங்கிலாந்துக்குப் போனதும் உண்மைதான். போகவேண்டும் என்றவர்கள் போனார்கள், இருக்கவேண்டும் என்றவர்கள் இருந்தார்கள். இதில் யாருக்குப் பிழைக்கத் தெரியவில்லை?

நான் கப்பல்களின் எந்திர அறைகளில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவன். வேலையில் இருந்தபோது அந்தத் தீவின் பெயரை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. ஓய்வுக்குப் பிறகுதான் கேப்டவுனிலிருந்து பயணியாகப் போய் அங்கே தங்கினேன். ஹோட்டல் கிடையாது, ஒரு வீட்டில்தான் இடம் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மா எரிமலை வெடித்தபோது சிறுமி. இங்கிலாந்து எப்படி இருந்தது என்று கேட்டேன். "அப்பாவுக்கு நல்ல சம்பளம் கிடைத்தது. ஆனால் எந்நேரமும் யாராவது எங்களைப் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், மூச்சைச் சோதித்தார்கள், நாங்கள் பேசுவதைப் பதிவு செய்தார்கள்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தன்னை வேடிக்கைப் பொருளாகப் பார்த்தவர்களைப் பற்றிப் பேசும்போதும் எனக்கு இன்னொரு அகப்பை உருளைக்கிழங்கு வைத்துக்கொண்டே பேசினார். அந்தக் கிழங்கு ஊருக்கு மேற்கே உள்ள அவர்களுடைய சொந்தப் பாத்தியில் விளைந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே வேடிக்கையை நாம் தமிழில் செய்யவேண்டுமா?

கட்டுரையாளர் தீவில் காலே வைக்கவில்லை என்பது அவர் எழுதியதிலிருந்தே தெரிகிறது. உல்லாசக் கப்பலில் போயிருக்கிறார். அன்று கடல் சரியில்லை, இறங்க முடியவில்லை. "இத்தனை தூரம் வந்தவர்களைக் கரையில் இறக்கிவிடக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை" என்று அந்த ஏமாற்றத்தை ஊர்க்காரர்கள் தலையில் போட்டுவிட்டார். ஐயா, அங்கே இருப்பது 1960களில் கட்டிய ஒரு சின்னப் படகுத்துறை. இங்கிலாந்தில் தாங்கள் தங்கியிருந்த இடத்தின் நினைவாக அதற்குக் கால்ஷாட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய கப்பல் எதுவும் உள்ளே வர முடியாது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கவேண்டும், ஊர்க்காரர்கள் படகில் வந்து ஆளையும் சரக்கையும் இறக்கவேண்டும். தென் அட்லாண்டிக்கின் அலை வீச்சில் ஆண்டில் பல நாள்கள் அது முடியாது. நாங்கள் போனபோதும் ஊர் கண்ணுக்கு எதிரே தெரிய, கப்பலிலேயே காத்துக்கிடந்தோம். கப்பலில் யாரும் ஊர்க்காரர்களைக் குறை சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் கடலைத் தெரிந்திருந்தது.

1885 நவம்பரில் அவ்வழியே போன ஒரு கப்பலோடு பண்டமாற்று செய்துகொள்ளலாம் என்று படகில் போன 15 ஆண்கள் திரும்பி வரவேயில்லை. ஊரில் உழைக்கிற ஆண்களில் பெரும்பங்கு ஒரே நாளில் போய்விட்டது. அந்தப் பதினைந்து பேரில் பலரின் குடும்பப் பெயர்களைத் தாங்கியவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். இன்றைக்கு இறங்க முடியாது என்று அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் சொன்னால், கேட்டுக்கொள்வதுதான் மரியாதை. அவர்கள் நம் உயிரையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

அதைவிட எனக்குக் கவலை தரும் வரி கட்டுரையின் முடிவில் இருக்கிறது. "பணமும் நேரமும் இருந்தால் யாரும் போய்வரலாம்" என்று எழுதியிருக்கிறார். போக முடியாது. விமானத்தளம் கிடையாது, கேப்டவுனிலிருந்து சுமார் 2,800 கிலோமீட்டரைக் கப்பலில்தான் கடக்கவேண்டும், ஒரு வாரம் ஆகலாம். அதற்கெல்லாம் முன்னால் தீவின் மன்றம் அனுமதி கொடுக்கவேண்டும். திரும்பி வரப் பயணச்சீட்டு வேண்டும், நோய் வந்தால் கேப்டவுனுக்குக் கொண்டுவரும் செலவுக்குக் காப்பீடு வேண்டும். அப்படியும் கப்பலில் இடம் ஒதுக்கும் வரிசையில் சுற்றுலாப் பயணி கடைசி. நோயாளிக்கும் ஊர்க்காரருக்கும்தான் முதலிடம். அவர்களுக்குப் படுக்கை வேண்டுமென்றால் நாம் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கவேண்டும். அதுதானே நியாயம்!

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லாம் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொன்ன ஒரு முகவர் அனுமதி என்ற பேச்சையே எடுக்கவில்லை, முன்பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். விசாரித்தபோதுதான் அவர் தீவுக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை என்று தெரிந்தது. பணம் திரும்ப வரவில்லை. பிறகு நானே நேரடியாகத் தீவு நிர்வாகத்துக்கு எழுதினேன். பதில் பொறுமையாக, தெளிவாக வந்தது. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனை பேர் அப்படிப்பட்ட முகவர்களைத் தேடிப் போவார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

படத்தையும் சொல்லியாகவேண்டும். கட்டுரைக்கு மேலே அரைப்பக்கத்துக்குத் தென்னை மரங்களும் வெள்ளை மணலும். டிரிஸ்டனில் தென்னை ஏது ஐயா? கறுத்த எரிமலைப் பாறை, பச்சைப் புல்வெளி, மேகம் மூடிய 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலை, அதன் அடிவாரத்தில் தாழ்வான கூரைகள். அதுதான் ஊர். எங்கோ இருக்கும் வெப்பத் தீவின் படத்தைப் போட்டு இன்னொரு மக்களின் ஊர்ப்பெயரை அதன் கீழே எழுதுவது சின்ன விஷயமாக உங்கள் அலுவலகத்தில் தோன்றலாம். அங்கே வாழ்கிறவர்களுக்கு அப்படி இருக்காது.

இது முதல்முறையும் இல்லை. செயின்ட் ஹெலினாவைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் அந்தத் தீவுக்கு விமானமே கிடையாது என்று இருந்தது. 2017 அக்டோபரிலிருந்து அங்கே பயணிகள் விமானம் போய்வருகிறது. நான் கடிதம் எழுதினேன். "கட்டுரை அருமை" என்று மரியாதைக்கு எழுதிய முதல் வரியை மட்டும் என் பெயரில் போட்டுவிட்டு, திருத்தத்தை வெட்டிவிட்டீர்கள். பசிபிக்கில் உள்ள பிட்கேர்ன் தீவைப் பற்றி எழுதியபோது, அங்கே குடியேறிய பவுன்டி கப்பல் கலகக்காரர்களோடு கதை முடிந்துவிட்டது, இன்றைக்கு அங்கே யார் இருக்கிறார்கள், எப்படிச் சாமான் வருகிறது என்று ஒரு வரி இல்லை. தீவு என்றாலே புதையலும் கலகமும் கைதியும்தானா? டிரிஸ்டனுக்கும் அதே கதிதான். செயின்ட் ஹெலினாவில் சிறைவைக்கப்பட்டிருந்த நெப்போலியனை மீட்க யாரும் வந்துவிடக்கூடாதென்று 1816இல் பிரிட்டிஷ் படை போய் இறங்கியதை விரிவாக எழுதியவர், படை திரும்பியபோது மனைவி மக்களோடு அங்கேயே தங்கிவிட்ட வில்லியம் கிளாஸை ஒரே வரியில் கடந்துவிட்டார். அவரும் உடன் இருந்தவர்களும் 1817இல் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள்: யாரும் யாருக்கும் மேலில்லை, வரவும் செலவும் எல்லோருக்கும் சமம். நிலம் இன்றும் ஊருக்குப் பொது, வெளியார் வாங்க முடியாது. ஒரு குடும்பம் இத்தனை ஆடு மாடுதான் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு இருக்கிறது. கட்டுரையின் பாதியை இதற்கே கொடுத்திருக்கலாம்.

2011 மார்ச்சில் நைட்டிங்கேல் தீவில் ஒலிவா என்ற சரக்குக் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. கப்பல்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அதில் இருந்த 22 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஊர்க்காரர்கள் அந்த மாலுமிகளைத் தங்கள் வீடுகளில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எண்ணெயில் நனைந்த பெங்குவின்களை ஆயிரக்கணக்கில் படகில் கொண்டுவந்து கழுவினார்கள், பிள்ளைகள் நீந்தும் குளத்தையே அவற்றுக்கு விட்டுக்கொடுத்தார்கள். 2020இல் தங்களைச் சுற்றியுள்ள சுமார் 6,87,000 சதுர கிலோமீட்டர் கடலில் பெரும்பகுதியைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். பாறை இறால் ஏற்றுமதியே அவர்களுடைய முக்கிய வருமானம். அப்படியிருந்தும் எவ்வளவு பிடிக்கலாம் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, காலையில் மணி அடித்தால் மட்டும் மீன்பிடிக்கப் போகிறார்கள். 250 பேருக்கும் குறைவான ஒரு ஊர் செய்கிற வேலை இது.

உங்களிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. அடுத்த இதழில், எந்த மூலையிலாவது சரி, மூன்று திருத்தங்கள் போடுங்கள். டிரிஸ்டனுக்குப் போக விரும்புகிறவர்கள் யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன் தீவு நிர்வாகத்துக்கு நேரடியாக எழுதி, மன்றத்தின் அனுமதி வாங்கவேண்டும் என்பது ஒன்று. வெளியான படம் டிரிஸ்டன் அல்ல என்பது இன்னொன்று. இணையப் பதிப்பில் அந்தப் "பிழைக்கத் தெரியாத" வரியை எடுத்துவிடுங்கள், எடுத்ததையும் சொல்லுங்கள். கடிதம் நீளம் என்றால் என் அனுபவத்தை வெட்டிக்கொள்ளுங்கள், திருத்தங்களை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்