ரதிக்குச் சுருதி கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

தைப்பொங்கல் கழிந்த வாரம், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் எங்கள் காமன் கூத்தில் மதனாக ஆடிவந்தவர் போய்ச் சேர்ந்தார். அன்று தொடங்கி, மாசியில் காமன் கம்பம் ஊன்றி, கூத்து முடிந்து காப்பு அவிழ்த்த நாள் வரைக்கும் கூட நின்ற எல்லோருக்கும் இந்த மடல். 31ஆம் நாள் நோட்டீசில் இரண்டு வரியில் நன்றி போட்டோம். அது காணாது. அதோடு, பக்கத்துத் தோட்டங்களில் இருந்து மூன்று நான்கு குழுக்காரர்கள் “எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று நடந்ததை விவரமாகவே எழுதுகிறோம். பெயர்கள் வேண்டாம் என்று மதனின் மனைவி கேட்டுக்கொண்டார். அதனால் மதன், ரதி என்றே சொல்கிறோம்.

அந்த வீட்டுக்கு நீங்கள் செய்ததற்கு அக்காவே தனியாக நன்றி சொல்வார். நாங்கள் பேசுவது ரதியாக ஆடும் அண்ணனைப் பற்றி. 14 வருஷம் ஒரே ரதி, ஒரே மதன். ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசை வீடுகளில், மூன்று காம்பரா (அறை) தள்ளி வீடு. ஆனால் கூட்டாளி செத்தால் நம்ம வழக்கத்தில் ஒருவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கொள்ளி மகனுக்கு, தீட்டு பங்காளிக்கு, 16ஆம் நாள் கோடி சம்பந்திக்கு. கூட்டாளிக்கு மறுநாள் காலை பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசை. இந்த இடைவெளியைத்தான் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு கை மண் போட்டு நிரப்பினீர்கள்.

முதல் நன்றி கணக்கப்பிள்ளை ஐயாவுக்கு. அண்ணனுக்கு அப்போது தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை. மூன்று இராத்திரி கண் மூடாதவன் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தால் செடிக்கும் கேடு, காலுக்கும் கேடு. யாரும் கேட்காமலே அவரை மூன்று வாரம் நர்சரிக்கு மாற்றினார்: பைகளுக்கு மண் நிரப்பும் வேலை. லீவு கொடுத்து வீட்டில் இருத்தவில்லை என்பதுதான் இதில் பெரிய காரியம். வேலையும் இருந்தது, பக்கத்தில் ஆளும் இருந்தது, அரைப்பேர் (அரைநாள் கணக்கு) போட்டுச் சம்பளத்தையும் வெட்டவில்லை.

பொழுது சாய்ந்த பிறகு அவரைத் தனியாக விடாமல் முறை வைத்து வந்த தம்பிமார் ஏழு பேருக்கு அடுத்த நன்றி. இதில் முதல் வாரம் நாங்களே ஒரு பிழை விட்டோம். போனவர்கள் எல்லாம் “அழாதீங்க அண்ணே, மனசைத் தேத்திக்குங்க” என்று தொடங்கினார்கள். அவர் எழுந்து வெளியே போய்விடுவார். தோட்ட ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸிதான் திருத்தினார்: தேற்ற வேண்டாம், சும்மா இருங்கள், அடுப்புக்கு விறகு வையுங்கள், பிளேன்டீ ஊற்றிக் கொடுங்கள், மதனைப் பற்றி அவர் பேச்செடுத்தால் பேச்சை மாற்றாதீர்கள். போத்தல் கொண்டுபோகக் கூடாது என்றும் கறாராகச் சொன்னார். காப்புக் கட்டிவிட்டால் விரதம், யாரும் குடிக்க மாட்டார்கள். 16ஆம் நாளுக்கும் காப்புக்கும் நடுவில் கிடந்த நாட்கள்தான் பயந்த நாட்கள். சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு கிழமைக்கு மேலும் தூக்கமில்லை, “நானும் போயிடுறேன்” என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் பூசாரியையும் பார்க்கலாம், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகவேண்டும் என்றார். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தை எல்லோர் போனிலும் பதிய வைத்தவரும் அவரே.

கூத்து வைப்பதா வேண்டாமா என்ற கேள்வி பெரியவர்களிடம் போனது. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் எங்கள் பொட்டலில் கம்பம் ஊன்றுவோம். அதற்குள் 16ஆம் நாள் காரியம் முடிந்திருந்ததால் தீட்டுப் பேச்சு எழவில்லை. எழுந்தது வேறு: ரதியால் முடியுமா? கூத்துப் பழக்கும் காமன் மாஸ்டர் இதைக் கையாண்ட விதத்தை எல்லாக் குழுக்களும் தெரிந்துவைக்க வேண்டும். “ஆடுறியா, மாட்டியா?” என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. “பேய்க்கரும்பு வெட்டணும், வா” என்றார். அடுத்த நாள் கம்பத்துக்கு ஆமணக்குக் கொம்பு, வைக்கோல் பிரி, வறட்டி, மாவிலை. கம்பம் நின்றபோது அண்ணனும் அங்கே நின்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டமாக ஒத்திகை. எந்தக் கட்டத்திலும் ரதி விலகலாம் என்று முன்கூட்டியே பேசி, இன்னொரு தம்பிக்கு ரதி வேஷம் பழக்கி, சாரி, சவுரி எல்லாம் ஒரு பையில் கட்டி முதல் இரவிலிருந்தே ஓரத்தில் உட்கார வைத்தார். நடுக்கூத்தில் ஆட்டம் நின்றால் ஊர் அதை அபசகுனம் என்று பேசும், அந்தப் பாரமும் சேர்ந்து ரதியின் தலையில் விழும். பை கடைசிவரை அவிழவில்லை. அவிழாததற்குக் காரணமே அந்தப் பை அங்கே இருந்ததுதான் என்பது எங்கள் எண்ணம்.

மதன் பாட்டு எழுத்தில் இல்லை, அவர் வாயில்தான் இருந்தது. இரண்டு வருஷத்துப் போன் வீடியோக்கள் கிடைத்தன, ஆனால் பொட்டலில் எடுத்த வீடியோவில் தப்புப் பறையின் சத்தம் குரலை விழுங்கிவிடும். பாடசாலை டீச்சர் ஒரு வழி கண்டார். ரதிக்கு மதன் பாட்டு தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். பாடச் சொன்னால் வரவில்லைதான். ஆனால் தன் வரியைப் பாடிவிட்டு நிறுத்தினால், அடுத்து மதன் எதில் எடுப்பார் என்பது காதில் இருந்தது. அந்த எடுப்பை வைத்துக்கொண்டு வீடியோவைக் கேட்டால் மிச்சம் பிடிபட்டது. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை. இந்திரன் தூதன் ஓலை கொண்டுவரும் இடத்திலிருந்து, கெட்ட கனவு கண்ட ரதி “போகாதே” என்று வழி மறிக்கும் தர்க்கம் வரை ஒரு சீஆர் கொப்பி (தடித்த நோட்டுப் புத்தகம்) நிறைந்தது. தர்க்கக் கட்டத்துக்கு மட்டும் நான்கு நாள். மதன் சொல்லும் சமாதானம் ஒவ்வொன்றும் அவர் குரலில் காதுக்குள் வர, டீச்சர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பாராம். அவசரப்படுத்தவில்லை. கொப்பியின் ஒரு போட்டோ பிரதி இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது.

புது மதனை விட்டுக்கொடுத்த பக்கத்துத் தோட்டத்து மாஸ்டருக்கும், வந்த தம்பிக்கும் நன்றி. அக்கா தன் கையால் சலங்கையை எடுத்துக் கொடுத்தார். பழைய மதனுக்குப் பெருத்த கெண்டைக்கால், தம்பிக்குக் குச்சிக்கால். இறுக்கிக் கட்டினாலும் பத்து அடிக்குள் பட்டை கணுக்காலுக்கு இறங்கியது. இறங்கினால் மணி ஒன்றோடொன்று மோதாமல் தோலில் உரசும், ஓசை செத்துவிடும். டவுனில் சப்பாத்துத் தைக்கும் ஐயா பழைய பட்டையை வெட்ட மாட்டேன் என்று சொல்லி, உள்பக்கம் கம்பளித் துண்டு ஒன்றைத் தைத்து, பக்கிளுக்குப் புதிதாய் இரண்டு துளை போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இனிச் சொல்லப்போவது, இந்த வருஷம்வரை ரதியையும் மதனையும் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்று. சிவனின் நெற்றிக்கண் திறந்து மதன் விழுந்ததும் வெள்ளைத் துணி போர்த்துவோம். ரதி தலைமாட்டில் உட்கார்ந்து புலம்பல் பாடுவார். ஒத்திகையில் மூன்றாவது பாட்டிலேயே குரல் உச்சிக்கு ஏறி உடைந்தது. துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த நாளும் அதே பாட்டில் உடைந்தது. மாஸ்டர் விடாமல் கேட்டபோது அண்ணன் சொன்னார்: துணிக்கு அடியில் கிடந்தபடி மதன் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் மெதுவாக “ம்ம்…” என்று சுருதி எடுத்துக் கொடுப்பாராம். 14 வருஷமும் பிணத்தின் சுருதியைப் பிடித்துத்தான் ரதி ஒப்பாரி வைத்திருக்கிறார். புது மதனை அதைச் செய்யச் சொல்லலாம் என்றோம். அண்ணன் தலையாட்டி மறுத்தார், நாங்களும் வற்புறுத்தவில்லை. கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கும் பையன் ஒருவன் பொட்டலின் ஓரத்தில் உட்கார்ந்து, புலம்பல் முடியும்வரை ஒரே கட்டையை அமுக்கிப் பிடித்தான். குரல் நின்றது. 22 பாட்டுப் புலம்பலை இந்த முறை 9 ஆகவும் குறைத்தோம். தம்பி, உனக்கு 15 நிமிஷ வேலை என்று சொல்லிக் கூப்பிட்டோம், இரண்டு கிழமை ஒத்திகைக்கும் வந்தாய். உனக்கு ஒரு தனி நன்றி.

மயக்கம் பற்றியும் சொல்லவேண்டும். விரதத்தில் ஒருநேரச் சாப்பாடு, மாசிப் பனி, இறுக்கிக் கட்டிய இடுப்புப் பட்டி, கிரீடம், இவற்றோடு மனப்பாரம். ரதி விழுந்தால் அருள் வந்துவிட்டது என்று சனம் சூழ்ந்துகொள்ளும், காற்று அடைபடும். மிஸ்ஸி நான்கு பேருக்குப் பழக்கினார். உடம்பு முறுக்கி நின்று ஆடினால் வழக்கப்படி இரண்டு பேர் தோளைப் பிடிக்கலாம். முகம் வெளுத்து, குளிர்ந்து வேர்த்துச் சரிந்தால் அது மயக்கம்: மட்டமாகக் கிடத்து, காலை ஓர் அடி உயர்த்து, பட்டியைத் தளர்த்து, தெளியும்வரை வாயில் தண்ணீரோ திருநீறோ போடாதே. ஒரு நிமிஷத்தில் தெளியாவிட்டால் 1990 அம்புலன்சுக்குப் போன் அடி. விரதம் கெடாமல் குடிக்கக் கொடுத்தது கொத்தமல்லித் தண்ணீர்: ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு கைப்பிடி வறுத்த கொத்தமல்லி, பெருவிரல் அளவு இஞ்சி தட்டிப் போட்டு அரை லீட்டராக வற்றவைத்து, சீனி தாராளமாக. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் அரைக் கோப்பை. முறை தவறாமல் காய்ச்சிய அம்மாமாருக்கு நன்றி. இந்த வருஷம் ஒருவரும் விழவில்லை.

எரியும் கம்பத்தை ரதி சுற்றும்போது நைலெக்ஸ் சாரி ஆபத்து என்று பருத்திச் சாரி தந்த பாட்டிக்கும் நன்றி. சாரியில் இரண்டு இடத்தில் பொறி பட்டிருக்கிறது. மன்னிக்கவும்.

தப்புக்காரர்கள் செய்ததை வெளியாட்கள் கவனித்திருக்க மாட்டார்கள். தைமாதம் மதன் பாடைக்கு முன்னால் சாவு அடி அடித்தவர்களும் இவர்களே. கூத்தில் மதன் தகனத்துக்குப் பின் வழக்கமாக அதே அடிதான். இந்த முறை இடக்கை மெல்லிய குச்சியைக் கீழே வைத்துவிட்டு, வலக்கைக் குச்சியால் மட்டும் ஒற்றை ஒற்றையாக அடித்தார்கள். அடி மாறவில்லை, கூர்மை மட்டும் இல்லை. பனியில் தோல் தொய்ந்துவிடும், காய்ச்சத் தீப்பக்கம் போகவேண்டும். வேறு நாள் என்றால் ஐந்து பேரும் ஒன்றாகப் போவார்கள். அன்று ஒருவர் மாற்றி ஒருவர் போனார்கள், புலம்பலின்போது பொட்டல் ஒரு கணமும் வெறிச்சோடவில்லை.

தகனம்தான் கஷ்டமான கட்டம் என்று எல்லோரும் அங்கேயே கவனமாக இருந்தோம். இல்லை. மூன்றாம் நாள் மதன் உயிர்த்தெழும் கட்டத்தில்தான் ஒத்திகையில் ரதி அசையாமல் நின்றுவிட்டார். புலம்பலுக்குப் பாட்டு இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டும் பாடலாம். எழும்புகிறவனைக் கண் திறந்து பார்க்கவேண்டும், பார்த்தால் வேறு முகம். மாஸ்டர் கதைக்குள்ளேயே வழி தேடினார். மதனுக்கு இனி உடம்பில்லை, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்பதுதானே சிவன் கொடுத்த வரம்? எனவே துணியை விலக்காமல் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, உள்ளிருந்து சலங்கை மட்டும் மூன்று முறை ஒலித்தது. ரதி அதற்குப் பதில் பாடினார். அதன்பின்தான் புது மதன் வெளியே வந்து, ரதிக்கு எதிரே நிற்காமல் வலப்பக்கமாகச் சேர்ந்து நின்று ஆரத்தி வாங்கினார். “மதன் முகம் காட்டாத காமன் கூத்தா?” என்று முணுமுணுத்த பெரியவரும் ஆரத்தித் தட்டில் காசு போட்டார். இதையெல்லாம் முன்னதாக ரதியிடம் சொல்லி, சலங்கை எங்கே ஒலிக்கும், எத்தனை முறை ஒலிக்கும் என்று காட்டித்தான் செய்தோம். திடீரென்று செய்து பார்க்க வேண்டாம் என்று மற்றக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கொழும்புக் கடைகளில் நின்றுகொண்டு சம்பளத்தில் பிடித்து அனுப்பிய பிள்ளைகளுக்கும், இரவோடு இரவாக உடலை ஏற்றி வந்த வேன்காரருக்கும், மரணச் சங்கத்துக்கும், 16 நாளும் சோறு அனுப்பிய மேல் லயத்தாருக்கும் நன்றி. செத்த வீட்டில் அண்ணன் விழுந்து புரண்டதைப் போனில் எடுத்துப் பரப்பியவருக்கு நன்றி இல்லை. யார் என்று தெரியும். அழித்துவிடும்படி கேட்கிறோம், அனுப்பி வைத்தவர்களும் அழித்துவிடுங்கள்.

கடனாக வாங்கியதில் ஆர்மோனியமும் பெரிய தார்ப்பாயும் திரும்பிப் போய்விட்டன. சலங்கையை அக்கா திருப்பி வாங்கவில்லை, அடுத்த மாசிக்குத் தம்பியிடமே இருக்கட்டும் என்றார். கரும்பு வில்லை மட்டும் கேட்டு வாங்கினார். பொட்டலில் ஒரு சிவப்புக் கம்பளியும், ஒரு சின்னப் பிள்ளையின் இடதுகால் சப்பாத்தும், மூன்று தண்ணிப் போத்தலும் கிடக்கின்றன. கோயில் காம்பராவில் வைத்திருக்கிறோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காமன் கூத்துக் குழுவினர்