அற்றெண்டன்ஸ் அலவன்ஸ்: இரவு உதவியை எழுதினால்தான் மேல்படி

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானியாவில் ஓய்வூதிய வயதைத் தாண்டிய நம்மவர்கள் பலர், நோயாலோ இயலாமையாலோ பிறர் உதவி தேவைப்படும் முதியோருக்கு அரசு தரும் அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற கொடுப்பனவைப் பெறுகிறார்கள். கிடைத்த கையோடு கடிதத்தை ஃபைலில் போட்டு மூடிவிடுகிறார்கள். பிறகு பாரிசவாதம் வந்தாலும் மறதிநோய் முற்றினாலும் பழைய தொகையே வந்துகொண்டிருக்கும். நோய் கூடியது வைத்தியசாலைக்குத் தெரியும், குடும்ப வைத்தியரான ஜிபிக்குத் தெரியும். பணம் அனுப்பும் அரசுத் திணைக்களமான டி.டபிள்யூ.பி.க்கு நாமாகச் சொன்னால்தான் தெரியும்.

இந்தக் கொடுப்பனவில் இரண்டே படிகள், அதாவது தொகை நிலைகள். 2025 ஏப்ரலில் நிர்ணயித்தபடி கீழ்ப்படி வாரம் 73.90 பவுணாகவும் மேல்படி 110.40 பவுணாகவும் இருந்தன. அந்தக் கணக்கில் வித்தியாசம் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,900 பவுண். வருமானமோ சேமிப்போ பார்ப்பதில்லை, வரியும் கிடையாது.

ஆனால் "வருத்தம் கூடிவிட்டது, தொகையைக் கூட்டுங்கள்" என்று மட்டும் கேட்டால் போதாது. பகலில் அல்லது இரவில், ஏதாவது ஒன்றில் உதவி தேவையென்றால் கீழ்ப்படி. இரண்டிலும் தேவையென்றால்தான் மேல்படி. முன்பு உடுப்பு மாற்ற மட்டும் கை கொடுத்தவர்கள் இன்று குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, மலசலகூடத்துக்குத் தாங்கிக்கொண்டு போனாலும், அவ்வளவும் பகலிலேயே நடந்தால் படி மாறாது. இது நியாயமா என்று கேட்டால் எங்களுக்கும் நியாயமாகப் படவில்லை. விதி அப்படித்தான் இருக்கிறது.

இரவு என்பது மணிக்கூட்டுக் கணக்கு அல்ல. வீட்டார் படுக்கப் போனதிலிருந்து எழும்பும் வரையுள்ள நேரம். அந்த நேரத்தில் குறைந்தது இரண்டு தடவை எழும்பி உதவவேண்டும், அல்லது ஒரே தடவையில் ஏறக்குறைய 20 நிமிடம் செலவாகவேண்டும். மறதிநோயில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவார், அடுப்பை மூட்டுவார் என்ற ஆபத்து இருந்தால், இன்னொருவர் நெடுநேரம் அல்லது அடிக்கடி விழித்திருந்து பார்க்க வேண்டியிருப்பதும் கணக்கில் சேரும். முக்கியமாக, உதவி கிடைக்கிறதா என்று பார்ப்பதில்லை. தேவையா என்றுதான் பார்க்கிறார்கள். தனியாக இருப்பவரும் கேட்கலாம். எழும்பிப் போய் விழுந்திருந்தால் அந்த விழுகையே தேவைக்குச் சான்று.

இரவு உதவி தேவைப்பட்டு ஆறு மாதம் ஆனபின்தான் மேல்படி கிடைக்கும். எனவே அது தொடங்கிய தேதியை எங்காவது குறித்து வையுங்கள். ஆறு மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் அறிவித்தால் அந்தத் தகுதி நாளிலிருந்தே பணம் வரும். பிந்தினால், பொதுவாக அறிவித்த நாளிலிருந்துதான். போன கிழமைகள் போனவைதான். பன்னிரண்டு மாதத்துக்குள் உயிர் பிரியக்கூடும் என்று வைத்தியர் கருதும் நோயாளிக்கு இந்தக் காத்திருப்பே இல்லை. ஜிபியோ தாதியோ இந்த நிலையை உறுதிப்படுத்தும் எஸ்.ஆர்.1 படிவம் நிரப்பிக் கொடுத்தால் நேரே மேல்படிதான். கான்சர் என்றதும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூசும் குடும்பங்கள் இதைத் தவறவிடுகின்றன.

அறிவிக்க 0800 731 0122 என்ற இலவச எண்ணை அழையுங்கள். தேசிய காப்புறுதி எண் கையில் இருக்கட்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். பிள்ளை பேசுவதானால் பெரியவர் பக்கத்திலிருந்து சம்மதம் சொல்லவேண்டும். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாவிட்டால், அவர் சார்பில் பெனிபிட்டைக் கையாளும் அனுமதியைப் பிள்ளை தனியாகக் கேட்டுப் பெறவேண்டும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அந்தப் பக்கம் கேட்டால் நம் பெரியவர்கள் "கடவுளே எண்டு நல்லாயிருக்கிறன்" என்பார்கள். விருந்தாளிக்குச் சொல்லும் அந்தப் பதில் இங்கே உதவாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அவர்கள் படிவம் அனுப்பினால் அதிலுள்ள பெட்டியில் "இரவில் கஷ்டம்" என்று எழுதி முடிக்காதீர்கள். ஒரு கிழமைக்கு இரவுக் குறிப்பு வையுங்கள்: எத்தனை மணிக்கு எழும்பினார், என்ன செய்யவேண்டியிருந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது, உதவாவிட்டால் என்ன நடந்திருக்கும். "1.40: சிறுநீருக்கு எழுப்பினார், கட்டிலிலிருந்து தூக்கிக் கொமோட்டில் இருத்தித் துடைத்து மீண்டும் படுக்கவைக்க 15 நிமிடம். 4.10: படுக்கை நனைந்து விரிப்பும் உடுப்பும் மாற்ற 25 நிமிடம்." இந்த அளவு விவரம் வேண்டும். கொமோட்டோ சிறுநீர்ப் போத்தலோ கட்டிலருகே இருந்தால் தானே சமாளிக்கலாமே என்று சொல்லித்தான் பல கோரிக்கைகளை மறுக்கிறார்கள். கை நடுங்கிப் போத்தலைப் பிடிக்க முடியாது, இருட்டில் தலைசுற்றும், நித்திரைக் குளிசையால் தடுமாறுவார் என்று ஏன் முடியாது என்பதையும் எழுதுங்கள்.

ஜிபியின் பதிவில் இரத்த அழுத்தமும் சீனியும் இருக்கும், இரவு இருக்காது. அடுத்த சந்திப்பில் இரவு நிலையைச் சொல்லிப் பதியவையுங்கள். வைத்தியசாலை டிஸ்சார்ஜ் கடிதம், கவுன்சிலின் பராமரிப்புத் திட்டம், மருந்துப் பட்டியல் ஆகியவற்றின் பிரதிகளை அனுப்புங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கூட்டிக் கேட்டால் இரவை மட்டும் தனியாகப் பார்ப்பார்கள் என்று நினைக்கக்கூடாது. முழுக் கோப்பையும் திறக்கலாம். இப்போது வரும் தொகை குறையவும் நிற்கவும் இடமுண்டு. ஆகவே பகல் தேவைகளையும் புதிதாக, முழுமையாக எழுதுங்கள். அவை உண்மையாகவே இருந்தால் பயந்து பின்வாங்கத் தேவையில்லை.

ஓய்வூதிய வயதுக்கு முன்பே பிப் (PIP) என்ற இயலாமைக் கொடுப்பனவைப் பெற்று அதிலேயே தொடர்பவர்களுக்கு விதி வேறு. அன்றாட வாழ்க்கைப் பகுதியைக் கூட்டிக் கேட்கலாம். நடமாட்டப் பகுதியை இந்த வயதில் புதிதாகப் பெறவோ கூட்டவோ முடியாது. அற்றெண்டன்ஸ் அலவன்ஸில் நடமாட்டப் பகுதியே இல்லை. ஸ்கொட்லாந்தில் வசிப்போர் அங்குள்ள சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தையே அணுகவேண்டும்; 2025 ஏப்ரல் முதல் அங்கு இந்தக் கொடுப்பனவின் பெயரே வேறு.

மறுத்துக் கடிதம் வந்தால் அதிலுள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். இரவுக் குறிப்பைத் திரும்பவும் இணையுங்கள். அதிலும் சரிவராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
முதியோர் நல ஆலோசனைத் தன்னார்வலர்கள்,
லண்டன்