எங்கள் வழிகாட்டிகள் ஏன் இவ்வளவு கேள்வி கேட்கிறார்கள்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். “காசு கொடுத்து வருகிறோம், எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் ஆகாதா? உங்கள் ஆட்கள் எங்களையே அல்லவா கேள்வி கேட்கிறார்கள்?” என்ற குறை, டர்பனில் உள்ள எங்கள் உடல்நல வழிகாட்டு நிலையத்துக்கு வருவோரிடமிருந்து, அதிலும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பெரியவர்களிடமிருந்து, அடிக்கடி எங்கள் காதுக்கு வருகிறது. அதற்கு விளக்கம் தர வேண்டியது எங்கள் கடமை என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

தாளை அச்சிட்டுக் கையில் கொடுப்பது எங்களுக்கும் எளிய வேலைதான்; பத்து நிமிடத்தில் அடுத்தவரை உள்ளே அழைத்துவிடலாம். ஆனால் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவருக்கு அத்தாளில் புதிதாக அறிய என்ன இருக்கப்போகிறது? இனிப்பைக் குறை, உப்பைக் குறை, நட என்பதை மருத்துவர் சொல்லியாயிற்று. வீட்டிலுள்ளோர் அதைவிட அதிகமாகவே சொல்லியாயிற்று. தெரிந்தும் செய்ய முடியாமல் நிற்பவர் சோம்பேறியும் அல்லர், அறியாதவரும் அல்லர். மாற வேண்டும் என்று ஒரு மனமும், இப்படியே இருந்துவிடலாம் என்று இன்னொரு மனமும் அவருக்குள் ஒருங்கே இருக்கின்றன. அந்த நிலையில் நாம் மாற்றத்தின் பக்கம் நின்று வாதாடினால், மறுபக்கத்துக்காக வாதாடும் வேலை அவருடையதாகிவிடுகிறது. வாதாட வாதாட, தாம் சொல்லும் சாக்குகளைத் தாமே உறுதியாக நம்பவும் தொடங்கிவிடுகிறார்.

குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோரிடம் பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், கடிந்து பேசுவதைவிடக் காது கொடுத்துக் கேட்பதே பயன் தருகிறது என்பதைக் கண்டு, 1983இல் அம்முறையை ஒரு கட்டுரையில் விளக்கினார். பின்னர், நம் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து பிரிட்டனில் பணியாற்றிய ஸ்டீவன் ரோல்னிக் அவருடன் இணைந்தார். 1991இல் இருவரும் சேர்ந்து அதை நூலாக்கினர். ஆங்கிலத்தில் ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ எனப்படும் இம்முறையைத் தமிழில் ‘ஊக்கமூட்டும் நேர்காணல்’ எனலாம். எங்கள் வழிகாட்டிகள் பயின்றிருப்பது அதைத்தான்.

எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட, மாதிரிக்கு ஓர் உரையாடலைத் தருகிறோம். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கால் பன்னி (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் ‘பன்னி சௌ’ என்னும் டர்பன் உணவில் கால் ரொட்டி அளவு) வாங்கிச் சாப்பிடும் பழக்கமுள்ள ஒருவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் பன்னி என்றால் குழம்பை விட்டுவிட்டாலும் நாலைந்து துண்டு வெள்ளை ரொட்டி. வழிகாட்டி அதைப் பற்றி உபதேசம் எதுவும் செய்யாமல், “ஐயா, இதைக் குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள்” என்கிறார். “ஒரு நாலு இருக்கும்.” “ஏன் நாலு என்றீர்கள்? இரண்டு என்று சொல்லவில்லையே?” சற்று நேரம் பேச்சில்லை. “பாதம் மரத்துப்போகிறதம்மா. எங்கள் அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் விரலை எடுத்தார்கள்.” “அப்பாவுக்கு வந்த நிலை உங்களுக்கு வந்துவிடக் கூடாது என்று நினைக்கிறீர்கள்.” “ஆமாம். பேரப்பிள்ளைகளோடு நடக்க வேண்டுமே.”

இங்கே வழிகாட்டி “ஏன் ஏழு இல்லை?” என்று கேட்டிருந்தால், கடை வழியில் இருக்கிறது, வேலை கடுமை, வீட்டில் எல்லாரும் தூங்கிவிடுகிறார்கள் என்று சாக்குகள் வரிசையாக வந்திருக்கும். எண்ணைக் கீழ்நோக்கி ஒப்பிட்டுக் கேட்டதால்தான் மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வந்தது. அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னதும் கிளிப்பிள்ளைப் பேச்சு அன்று. சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்லி, சரிதானா என்று பார்த்துக்கொள்ளும் வழி அது. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணைச் சுட்டிக்காட்டி நாங்கள் அரை மணி நேரம் பேசினாலும், அந்த ஒரு வாக்கியத்தின் பலம் எங்கள் பேச்சுக்கு வராது.

பாராட்டிலும் நாங்கள் சிக்கனமாக இருப்பதாகச் சிலர் கருதுகிறார்கள். “சபாஷ்” என்று சொல்லி அனுப்புவதில் எங்களுக்கு ஆர்வமில்லை என்பது உண்மைதான். புரட்டாசி மாதம் முழுவதும் வீட்டில் கவிச்சி சமைக்காமல், வெளியிலும் தொடாமல் விரதம் காத்த ஒருவர், “எனக்கு மனக்கட்டுப்பாடே கிடையாது” என்று சொல்லும்போது, அந்த விரதத்தை எப்படிக் காத்தீர்கள், விருந்துக்கு அழைத்தவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்பதே எங்கள் பாராட்டு. விடை சொல்லும்போதே தம்மிடம் உள்ள திறமை அவருக்குப் புலப்பட்டுவிடும்.

கேட்பது மட்டுமே எங்கள் வேலை என்று எண்ணிவிட வேண்டாம். செய்தி சொல்ல வேண்டிய இடத்தில், இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்டு, ஒன்று சொல்லலாமா என்று அனுமதி பெற்று, சொன்னபின் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்றும் கேட்போம். அனுமதிக்குக் காத்திராமல் நேரடியாகச் சொல்பவையும் உண்டு. மாத்திரையையோ இன்சுலினையோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால், அப்போதே 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நெஞ்சு வலித்தால் எங்களைத் தேடி வராமல் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பேச்சின் முடிவில் ஒரு திட்டம் இருக்கும். அது பெரும்பாலும் மிகச் சிறியது. “இனி ஒழுங்காகச் சாப்பிடுவேன்” என்ற வாக்குறுதியை நாங்கள் எழுதிக்கொள்வதில்லை. “வேலை முடிந்து பசித்தால், பையில் இருக்கும் அவித்த கடலையை முதலில் சாப்பிடுவேன்” என்பதை எழுதிக்கொள்வோம். இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதை நிறைவேற்றும் வாய்ப்பு அதிகம் என்பதை, பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளர் 1999இல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியுள்ளார்.

உடன் வரும் குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு மகள் விடை சொல்வதும், “பொய் சொல்கிறார், நேற்றுக்கூடக் கூல்டிரிங் குடித்தார்” என்று மருமகள் காட்டிக்கொடுப்பதும் அன்பினால்தான் என்பதை அறிவோம். ஆயினும் அப்படி ஒரு சொல் விழுந்துவிட்டால், அன்றைய பேச்சு அதோடு முடிந்துபோகிறது. ஆகவே முதல் பாதியில் அவரைத் தனியே எங்களுடன் பேச விடுங்கள். பிற்பாதியில் அவர் விரும்பினால் உங்களையும் அழைத்துக்கொள்வோம். வீட்டிலும் அவர் தட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்வதைவிட, எந்த உதவி வேண்டும் என்று கேட்பது நல்லது.

இம்முறை எல்லாருக்கும் ஒரே அளவில் பலிப்பதில்லை. ஆய்வுகளிலும் இதன் பயன் மிதமானதாகவே காணப்படுகிறது. ஏற்கெனவே மாற முடிவு செய்துவிட்டவருக்கு இத்தனை கேள்விகள் வெறும் காலதாமதம். நீங்கள் அந்த நிலையில் இருந்தால் வந்தவுடனே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். நேராகத் திட்டத்துக்குப் போய்விடலாம். உணவுப் பட்டியல் வேண்டுவோருக்கு இரண்டாம் சந்திப்பில், உங்கள் வீட்டுச் சமையலைக் கேட்டறிந்தபின், உங்களோடு உட்கார்ந்து எழுதித் தருவோம். வரும்போது சர்க்கரைக் குறிப்பேட்டையும் இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும் கொண்டு வாருங்கள். குறிப்பேட்டில் எண்கள் மோசமாக இருக்கின்றன என்பதற்காக வராமல் இருந்துவிட வேண்டாம்.

இங்ஙனம்,
நிலைய நிர்வாகத்தினர்,
டர்பன்.