முயல் கொட்டகைக்கு பிளீச்சிங் பவுடர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களில் முயல் வளர்க்கும் குடும்பங்கள் பல. அதே கொட்டகையில் கடைகளுக்கு விற்க கினிபிக், ஹாம்ஸ்டர் போன்ற கொறிவிலங்குகளை வளர்ப்பவர்களும் உண்டு. முயல் கொறிவிலங்கு இனத்தைச் சேர்ந்ததல்ல என்றாலும், குடல் ஒட்டுண்ணி விஷயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கைதான் தேவை. ஆனால் இப்போது பயப்பட வேண்டாததற்குப் பயப்படுகிறோம், பயப்பட வேண்டியதை விட்டுவிடுகிறோம்.

புழுக்கையில் வெள்ளை நூல்போல நெளிவது முயலின் ஊசிப்புழு. அது மனிதருக்கு ஒட்டாது. பால் மறந்த குட்டிகளைக் கொத்துக்கொத்தாகச் சாகடிக்கும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியின் கழிச்சலும் நமக்கு வராது. நமக்கு வரக்கூடியது பேதியை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி. அதன் நுண்முட்டை சுமார் 5 மைக்ரான் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுமக்கும் முயல் துள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. 2008இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் சுத்திகரித்த குடிநீர்த் தொட்டிக்குள் இந்த ஒட்டுண்ணியைச் சுமந்த ஒரே ஒரு முயல் போய்விட்டதால், சுமார் இரண்டரை லட்சம் பேர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டியிருந்தது. சீனாவில் பண்ணையில் வளர்த்த மூங்கில் எலிகளிலும் மனிதருக்குத் தொற்றும் கிரிப்டோ வகை கண்டறியப்பட்டுள்ளது.

காக்சிடியா முட்டை வெளியே வந்து ஓரிரு நாள் முதிர்ந்த பிறகே தொற்றும். ஆகவே தினமும் கூட்டினால் அடங்கும். கிரிப்டோ அப்படியல்ல. புழுக்கையோடு விழும்போதே தொற்றத் தயாராக இருக்கிறது. குளோரினுக்கும் மசியாது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளோரின் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் குறையாமல் நின்றால்தான் சாகும், அதுவும் வெதுவெதுப்பான நீச்சல்குளத் தண்ணீரில். நம் மலைத் தண்ணீரின் குளிரில் குளோரின் இன்னும் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆகவே கொட்டகையில் தெளிக்கும் பிளீச்சிங் தண்ணீர் வாசனைக்குத்தான் உதவும்.

இதைக் கொல்வது சூடும் வறட்சியும். கூண்டின் அடியில் மரப்பலகை வேண்டாம், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். புழுக்கை தங்காமல் கீழே விழும் வெல்டு மெஷ் என்ற கம்பி வலை போடுங்கள். முதலில் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, பிறகு கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் சூடு உள்ளே இறங்காது. ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் வெயிலை நம்ப முடியாது. அப்போது கொதிநீர்தான் கதி.

எங்களுக்குப் பெரிய கவலை உரம்தான். முயல் புழுக்கை சூடில்லாத உரம் என்று அப்படியே கேரட் பாத்தியில் போடுகிறார்கள். பயிரைக் கருக்காது என்பது உண்மை. சூடேறாததால்தான் கிருமியும் சாவதில்லை. மண்ணைத் தொட்டு விளையும் காய்க்கு மக்காத பச்சைச் சாண எரு இட்டால், அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்க அங்கக வேளாண் விதி. கேரட்டோ ஏறக்குறைய நூறு நாள் பயிர், பச்சையாகவே தின்கிறோம். மக்க வைத்துத்தான் போட வேண்டும். ஒரு மீட்டர் நீள, அகல, உயரத்துக்குக் குறைந்த குவியல் இந்தக் குளிரில் சூடேறாது. காய்ந்த புல்லைக் கலந்து, தார்ப்பாய் மூடி, 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் வைத்து, அதற்குள் ஐந்து முறை வெளிப்புறத்தை உள்ளே புரட்டிப் போட வேண்டும். இரும்புக் கம்பியை நடுவில் பத்து நிமிடம் செருகி எடுத்தால், உள்ளங்கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். கொட்டகைக் குழியின் கழிவு கீழ்ப்பாத்தி ஊற்றுக்கு வழியாதபடி மேட்டுப்பக்கம் வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுங்கள்.

ஊற்று நீர் குடிப்பவர்கள் கொடைக்கானல் உயரத்தில் தளதளவென்று கொதித்த பிறகும் மூன்று நிமிடம் அடுப்பில் விட வேண்டும்.

ஹாம்ஸ்டரும் எலியும் சுமக்கும் குட்டை நாடாப்புழுவும் மனிதருக்கு வரும். அதற்கு பிராசிகுவான்டெல்தான் உரிய மருந்து; பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோலை நம்பி இருந்துவிடக் கூடாது.

கொட்டகையில் வேலை செய்பவருக்குத் தண்ணீராகப் பேதி ஒரு வாரம் தாண்டினால், முயல் வளர்ப்பதை மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். சாதாரண மலப் பரிசோதனையில் கிரிப்டோ தப்பிவிடும். மாற்றியமைத்த ஆசிட்-ஃபாஸ்ட் சாயம் போட்டுப் பார்க்கும்படி கேட்டால்தான் தெரியும். எச்ஐவி உள்ளவர்கள், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் கொட்டகைக்குள் நுழையவே வேண்டாம். அவர்களுக்கு இந்தப் பேதி உயிருக்கே ஆபத்து. முயல் வளர்ப்புப் பயிற்சிகளில் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்கள்,
கொடைக்கானல்