டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் என்ன கொடுக்கலாம்?

காரைக்குடி
மார்ச் 24

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போகிற ஐயா, ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் பால்குடம் முடிந்தால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் அடுத்த பேச்சு ஆண்டுத் தேர்வு. உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அடுத்த பேச்சு வேறு: “மிஸ்ஸுக்கு என்ன வாங்கலாம்?” நான் எந்தக் குழுவிலும் இல்லை. ஆனாலும் காதுக்கு வந்துவிடுகிறது; இந்த ஊரில் வராமல் போவது எது? சென்ற வாரம் ஒரு தாயார் ஆபீஸ் வாசலில் தயங்கி நின்றார். “மேடம், வீட்டுக்கு ஐந்நூறு போட்டு வெள்ளிக் குத்துவிளக்கு எடுக்கலாம்னு பேசுறாங்க. எங்களுக்கு இந்த மாசம் முடியாது. நான் என்ன சொல்லட்டும்?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் நீட்டி எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் என் அலமாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியைகள் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பள்ளியிலேயே விட்டுவிட்ட பரிசுகள் அதில் இருக்கின்றன. சுவர்க் கடிகாரம் மட்டும் ஏழு. கண்ணாடி மயில் இரண்டு, ஒன்றுக்குக் கொண்டை இல்லை. ‘சிறந்த ஆசிரியர்’ என்று அச்சடித்த காபிக் கோப்பைகளில் இப்போது சாக்பீஸ் துண்டுகள் கிடக்கின்றன. ரவிக்கைத் துணியின் கதை இன்னும் வேடிக்கை. பல வருஷங்களுக்கு முன் எனக்கு வந்த மயில்கழுத்து நிறத் துணி ஒன்றில் ஓரத்தில் பேனா மைப் புள்ளி இருந்தது. அதை ஒரு வளைகாப்பில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து, ஒரு புதுமனை புகுவிழாவில், வெற்றிலை பாக்கோடு அதே மைப் புள்ளி என் தட்டுக்கே வந்து சேர்ந்தது. எத்தனை வீடு பார்த்துவிட்டு வந்ததோ!

கொடுப்பதில் நம் பகுதி ஆட்களுக்குக் கை தாராளம், கணக்கும் சுத்தம். கல்யாண வீட்டில் மொய் நோட்டைத் திறந்து உட்காருகிறவர் ஊர், பெயர், தொகை ஒன்றையும் விடமாட்டார். சீர்ச் சாமானுக்கும் பட்டியல் உண்டு, பாத்திரத்தில் பேர் வெட்டுவதும் உண்டு. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மொய் என்பது ஒருநாள் திரும்பிச் செய்ய வேண்டிய பணம். இன்றைக்கு உங்கள் வீட்டு விசேஷம், நாளைக்கு எங்கள் வீட்டு விசேஷம். அதனால் எழுதி வைப்பதுதான் முறை.

டீச்சருக்குக் கொடுப்பதை அப்படித் திரும்பச் செய்ய முடியாது. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் வந்து மொய் எழுதப் போவதில்லை. திரும்பச் செய்ய அவர் கையில் இருப்பதெல்லாம் மார்க், முதல் பெஞ்சு, ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேஷம். என் ஆசிரியைகள் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை. ஆனால் வெள்ளி விளக்குக் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் ராஜா வேஷம் கிடைத்தால், கொடுக்க முடியாத வீட்டில் என்ன பேசுவார்கள்? அந்தப் பேச்சு எழும்ப இடம் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கவலை எல்லாம்.

திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் இது வேறு மாதிரி இருந்தது. வாத்தியாருக்குப் பெரிய சம்பளம் கிடையாது. நெல், காய்கறி, விசேஷ நாளில் வேட்டி என்று வீடுகள் கொடுத்ததுதான் வரும்படி. நவராத்திரியில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடிக் கோலாட்டம் போடுவார்கள். கிடைத்த காசு வாத்தியாருக்குப் போகும். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை, ஏனென்றால் அது கூலி. இன்றைக்கு எங்கள் ஆசிரியைகள் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அது போதவில்லை என்று அவர்கள் சொல்வது என் காதிலும் விழுகிறது. அதை நான் நிர்வாகத்திடம் பேச வேண்டும், உங்கள் பையிலிருந்து ஈடுகட்டக் கூடாது. உங்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் இருக்கிறீர்கள். 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் பரிசு வாங்குவதற்குக் கட்டுப்பாடு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். தனியார் பள்ளியான நம்மை அந்த விதி நேரடியாகக் கட்டாது. அதன் நியாயம் நமக்கும் பொருந்தும்.

நான்கு வருஷத்துக்கு முன் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் புரியும். நம் பள்ளியில் ஒரு வகுப்பில் தங்கக் காசு வாங்கப் பணம் வசூலித்தார்கள். வசூலித்தவர் கெட்டவர் இல்லை. கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று, பணம் கொடுத்த பிள்ளைகளின் பெயரைக் குழுவில் பச்சை டிக் போட்டுப் போட்டுவிட்டார். முப்பத்தோரு பெயரில் நான்குக்கு டிக் இல்லை. அந்த நால்வரில் ஒரு பெண் பிள்ளை கடைசி நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்று லீவ் லெட்டர் வந்தது. ஜூன் மாதம் அதன் அப்பத்தாதான் என்னிடம் உள்ளதைச் சொன்னார்: “காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. வெறுங்கையோட போகமாட்டேன்னு நின்னுருச்சு.” தங்கக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்தக் கடைசி நாளை நான் எங்கே போய்த் திருப்பி வாங்குவது?

சரி, இந்த வருஷம் முதல் இப்படி வைத்துக்கொள்வோம். வகுப்பு ஆசிரியைக்குப் பணம், தங்கம், வெள்ளி, பரிசுக் கூப்பன், பட்டுச் சேலை எதுவும் வேண்டாம். கண்டாங்கிச் சேலை நம் ஊர்ப் பெருமைதான், 2019இல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது, அதுவும் வேண்டாம். எது கொடுத்தாலும் 150 ரூபாய்க்குள் இருக்கட்டும். குழுவில் வசூல் கூடாது, பட்டியல் கூடவே கூடாது. ரேங்க் கார்டு கைக்கு வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும், முன்னால் கொடுத்தால் ஆசிரியை வாங்கமாட்டார். ஒன்றுமே கொடுக்காமல் “போய்ட்டு வர்றேன் மிஸ்” என்று சொல்லிப் போவதும் நல்ல முறைதான். செப்டம்பர் 5ஆம் தேதி ஆசிரியர் தினத்துக்கும் இதே ஏற்பாடு.

150 ரூபாய்க்கு என்ன வரும் என்று கேட்பீர்கள். நல்ல பேனா வரும். சிவப்பு மைப் பேனாவாக இருந்தால் இன்னும் நல்லது, அதைக் கைக்காசு போட்டு வாங்குகிறார்கள். பனையோலைக் கொட்டானில் சின்னது கிடைத்தால் மேசையில் பேனா, கிளிப் போட்டு வைக்கலாம். வீட்டில் பின்னத் தெரிந்த ஆச்சி இருந்தால் கடைக்கே போக வேண்டாம்.

இதுவரை இந்தப் பள்ளிக்கு வந்த பரிசுகளில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவரின் மகன் மூன்றாம் வகுப்பில் கொண்டுவந்த ஒற்றைக் கல். அந்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூ டிசைன் அச்சின் கட்டங்களில் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறப் போடுவார்கள். சூளை கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. இவன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தானே வண்ணம் ஊற்றியிருக்கிறான். மஞ்சள் கட்டம் தாண்டிப் பச்சைக்குள் வழிந்து, பூவுக்கு ஐந்து இதழுக்குப் பதில் நாலரை இதழ். விற்க முடியாத கல். அந்த டீச்சர் வீட்டில் இன்றும் சாப்பாட்டு மேசையில் சூடான குழம்புச் சட்டி அதன் மேல்தான் உட்காருகிறது.

பலகாரம் பற்றி ஒரு வார்த்தை. அன்பு எனக்குப் புரிகிறது, சர்க்கரைதான் பயமாக இருக்கிறது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் சர்க்கரை மாத்திரை போடாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏப்ரல் வெயிலில் பால் பணியாரம் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். சாக்லேட் உருகிப் பைக்குள் ஓடும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தேன்குழலோ சீப்புச் சீடையோ ஒரு தூக்கில் போட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் பொதுவாக அனுப்புங்கள். தூக்கைக் கழுவித் திருப்பித் தருவோம், பேர் வெட்டியிருந்தால் மாறாது.

இனித்தான் நான் எழுத வந்த விஷயம். போன வருஷம் கடைசி நாள் எல்.கே.ஜி. டீச்சர் இரண்டு கையிலும் பைகளோடு படி இறங்கினார். மிச்சப் பைகளை ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவர் ஆயாம்மா. தூக்கிப்போன பைகளில் அவருக்கென்று ஒன்றுமில்லை. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அதற்கு முன் தோன்றியதே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்மிடம் பள்ளி ஆயாம்மாக்கள் 6 பேர், காப்பகத்தில் 2 பேர், வேன் டிரைவர்கள் 4 பேர், வாட்ச்மேன் அண்ணன் ஒருவர். 13 பேர். காப்பகத்துக்கு ஒருநாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு வந்து பாருங்கள். பாய் விரித்துப் பிள்ளைகள் தூங்கும். அதில் ஒரு வாண்டு, பெயர் வேண்டாம், ஆயாம்மாவின் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டால்தான் தூங்கும். உருவினால் முழித்துவிடும். அதனால் அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருப்பார், டிபன் பாக்ஸ் எட்டாத தூரத்தில் மூடினபடி இருக்கும். ஒருநாள் நான் எடுத்து நகர்த்தி வைத்தேன். “சத்தம் வருதும்மா, அப்புறம் சாப்புட்டுக்கிறேன்” என்று சைகை காட்டினார்.

என்ன கொடுத்தால் பிடிக்கும் என்று அவர்களிடமே கேட்டேன். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்னொருவர் கையை விரித்துக் காட்டினார். பினாயிலிலும் சோப்புத் தண்ணீரிலும் கிடந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. மூன்றாமவர்தான் பளிச்சென்று சொன்னார்: “சேல வேணாம்மா, பொங்கலுக்கே குடுத்துட்டீக. பள்ளிக்கூடம் தொறக்குற மாசந்தான் கையக் கடிக்கும். பேத்திக்கு நோட்டு, செருப்பு எல்லாம் வாங்கணும்.”

டீச்சருக்குப் பணம் வேண்டாம் என்று சொன்ன அதே கையால் எழுதுகிறேன்: இவர்களுக்குப் பணமே கொடுப்போம். இவர்கள் மார்க் போடுவதில்லை. ஆபீஸ் வாசலில் ஏப்ரல் 1 முதல் ஒரு உண்டியல் இருக்கும். ரசீது கிடையாது, பெயர் எழுதக் கூடாது, பத்து ரூபாயும் போடலாம், ஒன்றும் போடாமல் தாண்டியும் போகலாம். ஆசிரியைகளும் நானும் போடுகிறோம். மே கடைசியில் நான்கு பெற்றோர் முன்னிலையில் எண்ணி, 13 சமப் பங்காகக் கவரில் கொடுத்துவிடுவோம். வேன் டிரைவருக்குத் தனியாகக் கொடுக்க நினைப்பவர்கள் கொடுங்கள், உங்கள் தெரு வரைக்கும் வருகிறவர் அவர். கை வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் பாட்டிலோ களிம்போ கொடுத்தால் மிகவும் நல்லது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் அப்பாமார்கள் கோடாலித் தைலம் கொண்டுவந்தாலும் நான் தடுக்கமாட்டேன். அந்தக் குட்டி பாட்டிலுக்கு இங்கே இருக்கிற மவுசு சென்ட் பாட்டிலுக்கு இல்லை.

கடைசியாக, கடிதம். இதற்கு விலை வரம்பு கிடையாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு நிற்காமல், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப் போடுகிற காகிதத்தையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்புதான் பிறகு சென்னைக்குப் போய், 1994இல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமானது. என்னிடம் அவ்வளவு இல்லை, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது. அதில் இருப்பவற்றில் ‘தங்கள் மேலான சேவைக்கு நன்றி’ என்கிற அட்டைகளை யார் கொடுத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. ‘மிஸ் நீங்க திட்டாம வகுத்தல் ரெண்டாந்தடவ சொல்லிக் குடுத்தீங்க’ என்று பென்சிலில் எழுதியவனை நினைவிருக்கிறது. ஆகவே, தயவுசெய்து நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளையை எழுத வைக்காதீர்கள். நடந்த ஒரு விஷயத்தை அதுவே எழுதட்டும், தப்பும் தவறுமாக இருக்கட்டும். யு.கே.ஜி. பிள்ளைகள் படம் வரையட்டும். நீங்கள் தனியாக நாலு வரி எழுதினால் அதுவும் போய்ச் சேரும்.

நம் ஆயாம்மாக்களில் இரண்டு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு எழுதினால் பிள்ளையையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். போன வருஷம் ஒரு முதல் வகுப்புப் பையன் குழாயடியில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தான்: “ஆயாம்மா, நான் டவுசர்ல ஒண்ணுக்குப் போனத நீங்க யார்ட்டயும் சொல்லல.” பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை வாசி என்றார். இப்போது அதை யாரிடமும் சொல்லாமல் இருக்கத் தவறியது நான்தான். அவன் மன்னிக்க வேண்டும்.

கடைசி வேலை நாளன்று காலை 10 மணி முதல் 12 வரை வகுப்பறைகள் திறந்திருக்கும். காப்பகம் வழக்கம்போல மாலை 6.30 வரை உண்டு.

இப்படிக்கு,
தலைமையாசிரியை

பி.கு.: யார் வீட்டுக்காவது சுவர்க் கடிகாரம் தேவைப்பட்டால் ஆபீஸில் கேளுங்கள். ஏழில் நான்கு ஓடுகிறது.