மரத்தூள் களி வேண்டாம்

சேது,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்றதில் சந்தோஷம். இனி நீ செய்து படம் அனுப்பிய மேசை.

ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ முன்பு செய்த பூனைக்கூண்டுக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் எங்கே சந்து தெரிந்தாலும் மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அப்பியிருக்கிறாயே, இது யார் சொன்ன வைத்தியம்? நம் சம்பந்தம் சொன்னதா? காரைக்குடியில் தேடிப்பிடித்த பழைய தேக்கில் அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுப்புத் திட்டு. அந்தக் களி பாலிஷைக் குடிக்காது, பலமும் தராது. மரமும் மரமும் நெருங்கி உட்கார்ந்தால்தான் ஃபெவிகால் பிடிக்கும். இடைவெளியை அடைத்துக்கொண்டு பாரம் தாங்காது.

கால் ஏன் ஆடுகிறது என்று நீயே எழுதிவிட்டாய்: துளை நாலு நூல், அதில் நுழையும் கழுந்து மூன்று நூல் (ஒரு நூல் என்றால் எட்டில் ஓர் அங்குலம்). கழுந்து மெலிந்திருக்கிறது, அதைத் தடிக்க வைக்க வேண்டும். முதலில் காலைக் கழற்று. காய்ந்த ஃபெவிகால் மேல் புதுசு ஒட்டாது. அதனால் சூடான வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விடு. பசை வெளுத்து இளகும், உளியால் மரம் தெரியும்வரை சுரண்டு. ஒரு நாள் காயட்டும்.

அதே தேக்கில் இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு சிம்பு (மெல்லிய பட்டை) அறுத்துக்கொள். அவற்றின் மர ரேகை கழுந்தின் நீளவாக்கிலேயே ஓட வேண்டும். தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னர் தொட்ட துணியால் துடை. பக்கத்துக்கு ஒரு சிம்பு ஒட்டி, பிளாஸ்டிக் தாள் வைத்து, கட்டைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு இறுக்கு. மறுநாள் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்துப் போட்டுப் பார். தானாக நழுவி விழுந்தால் இழைத்தது அதிகம். சுத்தியலால் அடித்தால்தான் இறங்குகிறது என்றால் இன்னும் இழை, இல்லாவிட்டால் கால் பிளக்கும். உள்ளங்கையால் அழுத்தி இறங்குவதுதான் சரி.

மேல்பலகை விரிசலை மட்டும் தயவுசெய்து அடைக்காதே. பலகை அகலவாக்கில் ஐப்பசி ஈரத்தில் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். நீ இரு முனைச் சட்டத்திலும் மும்மூன்று ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறாய். சுருங்க வழியில்லாமல் கிழிந்துவிட்டது. இப்போது அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். ஸ்க்ரூவை எல்லாம் கழற்று. சட்டத்தில் நடுத்துளை அப்படியே இருக்கட்டும். ஓரத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் மூன்று நூல் நீளத்துக்கு இழுத்துவிடு. வாஷர் போட்டு, ஸ்க்ரூ நகரும் அளவுக்கு மட்டும் முடுக்கு.

கழற்றியதுமே விரிசல் பாதி மூடிக்கொள்ளலாம். கையால் அழுத்தினால் முழுக்க மூடுகிறதா? பழைய பிளேடால் பசையை உள்ளே தள்ளி கிளாம்ப் போடு, ஒரு நாள் தொடாதே. மூடாவிட்டால் விரிசல் வழியாகவே பலகையை நீளவாக்கில் அறுத்து, இரண்டு ஓரத்தையும் இழைத்து, திரும்ப ஒட்டு. அகலம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

வெள்ளைத் திட்டெல்லாம் வழிந்த பசை. உப்புத்தாள் போட்டால் சூட்டில் இழுகும், முதலில் சுரண்டு. பாலிஷுக்கு முன் ஈரத்துணியால் துடைத்தால் மிச்சமிருப்பது வெளிறித் தெரியும்.

சுத்தியல் பள்ளத்துக்கு ஈரத்துணியை வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியைச் சில வினாடி அழுத்து. புஸ்ஸென்று ஆவி இறங்கும், நசுங்கிய நார் எழும்பும். இரண்டு மூன்று தடவை செய். நார் அறுந்திருந்தால் எழும்பாது.

ஒன்று விளையாட்டில்லை. நாலாவது படத்தில் உளி முனைக்கு நேர் எதிரே உன் இடது கை இருக்கிறது. மரத்தை கிளாம்பில் இறுக்கிவிட்டு இரண்டு கையையும் உளிக்குப் பின்னால் வை. பழைய மரம், உள்ளே ஆணி முறிந்து கிடக்கும். இழைப்புளி போடுமுன் காந்தத்தால் தடவிப் பார்.

மேசை தரையில் ஆடுவதைக் கடைசியில் பார்க்கலாம், மூட்டு சரியானால் அதுவும் அடங்கக்கூடும். ஏற்கெனவே ஒரு காலை அறுத்துவிட்டாய். அதுவரை ரம்பத்தை உன் தம்பி வீட்டில் கொடுத்து வை.

ரகு