கையெழுத்துப் போடும் முன் ஒரு ராத்திரி வந்து கேளுங்கள்

நகரத் திட்டக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இரும்பை உருக்கி வார்க்கிற எங்கள் ஃபவுண்டரியின் வடக்கு மதிலுக்கு அந்தப் பக்கம், இவ்வளவு காலமும் காலியாகக் கிடந்த நிலத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்பதை உங்கள் அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீடு கட்டக் கூடாது என்று தடுக்க இதை எழுதவில்லை. எங்களிடம் வேலை பார்க்கிறவர்களிலேயே பலர் வாடகை வீட்டுக்கு அலைகிறவர்கள், வீடுகள் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். என் பயம் வேறு. குடிவந்த ஆறாவது மாதம், ராத்திரி தூங்க முடியவில்லை என்று உங்களிடம் மனு வரும். அந்த மனு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்களாக அன்றைக்கு நாங்கள் மட்டும்தான் நிற்போம், கட்டியவர் விற்றுவிட்டுப் போயிருப்பார்.

ராத்திரியில் இங்கே என்ன நடக்கிறது என்று சொன்னால்தான் இது புரியும். இரும்பு உருகி 1,400 டிகிரியை ஒட்டி வந்துவிட்டால் அப்புறம் நம் வசதிக்கு நிறுத்தி வைக்க முடியாது, விட்டால் உலைக்குள்ளேயே இறுகிவிடும், நேரம் என்னவானாலும் அச்சுகளில் ஊற்றியே ஆக வேண்டும். ஊற்றியது ஆறியதும் அச்சை உதறி, மணலைப் பிரித்து, வார்ப்பை வெளியே எடுப்போம். நாக்அவுட் என்று நாங்கள் சொல்கிற இந்த வேலையில்தான் சத்தம் அதிகம். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு நானே மதிலைச் சுற்றிக்கொண்டு அந்தக் காலி நிலத்தில் போய் நின்றேன். கம்ப்ரசரின் உறுமல் ஒரே சீராக இருப்பதால் கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பழகிவிட்டது. நாக்அவுட்டின் ‘டங்’ பழகவே இல்லை, ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப் போட்டது, அதற்குள்ளேயே இத்தனை வருஷம் உழன்ற எனக்கே. அப்புறம் லாரி பின்னால் வரும்போது அடிக்கிற அந்த ‘பீப் பீப்’. அதைக் கேட்டுக்கொண்டு ஒரு கைக்குழந்தை எப்படித் தூங்கும் என்று அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கட்டுகிறவர் தன் விண்ணப்பத்தோடு வைத்திருக்கிற ஒலி அறிக்கையைப் படித்தேன். அதில் இருப்பது பகல் நேரத்து அளவீடு, அதுவும் சராசரி. சராசரியைக் கேட்டு யாரும் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பதில்லை, நடுவில் வருகிற ஒரு ‘டங்’தான் எழுப்பும். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ராத்திரியில் படுக்கையறைக்குள் தொடர்ந்து இருக்கிற சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், இடையிடையே வருகிற சத்தம் 45-ஐத் தாண்டக் கூடாது என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சுவர் தடுப்பது சுமார் 15 டெசிபல்தான் என்றும் அதிலேயே இருக்கிறது. அறிக்கையோ எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. சாத்திய ஜன்னலுக்குள் காற்றுக்கு என்ன வழி என்று வரைபடத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை.

மதிலை உயர்த்தினால் போதும் என்று இந்தக் குடியிருப்பைப் பற்றிய கூட்டத்தில் ஒருவர் சொன்னார். தரைத்தளத்துக்குச் சரி. நான்காவது மாடி பால்கனியிலிருந்து பார்த்தால் எங்கள் ஷெட்டின் கூரை, வென்டிலேட்டர், லாரி நிற்கிற இடம் எல்லாம் நேராகத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து சத்தமும் தடையில்லாமல் வந்து சேரும், மதில் அதைத் தடுக்காது.

‘நீங்கள்தானே முதலில் இருக்கிறீர்கள், என்ன பயம்?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முதலில் இருந்தது எப்போதும் காப்பாற்றுவதில்லை. லண்டனில் ஒரு மிட்டாய்க்காரர் 20 வருஷத்துக்கு மேலாகத் தன் சமையல்கட்டில் பெரிய உரல்களில் இடித்துக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டு டாக்டர் பின்தோட்டத்தில் அந்தச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்கும் அறை ஒன்றைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டார், 1879-இல் டாக்டர் பக்கம்தான் தீர்ப்பு. அமெரிக்காவின் அரிசோனாவில் சன் சிட்டி என்ற குடியிருப்பு விரிந்து விரிந்து ஒரு பெரிய மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஈயும் நாற்றமும் தாங்கவில்லை என்று வழக்கு. 1972-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் பண்ணை இடம் பெயர வேண்டும் என்றது, ஆனால் அந்தச் செலவை வீடு கட்டி விற்ற நிறுவனம் ஈடுகட்ட வேண்டும் என்றும் சொன்னது. எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் முக்கியம். நிலைமையை மாற்றுகிறவர்தான் அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்பதை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-இல் இசை அரங்குகளுக்காகத் திட்ட விதியாகவே எழுதியது. இங்கிலாந்து 2018-இல் தன் தேசியத் திட்டக் கொள்கையில் ஏற்கெனவே நடக்கிற தொழில்களுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறது.

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன், அதுவும் அனுமதிக் கடிதத்திலேயே. பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ராத்திரியில், எங்கள் வேலை முழு வேகத்தில் நடக்கும்போது திரும்ப அளக்கச் சொல்லுங்கள். வடக்கு மதிலை ஒட்டி வீடுகள் வேண்டாம், வண்டி நிறுத்துமிடமும் கடைகளும் வரட்டும், படுக்கையறைகள் மறுபக்கம் திரும்பட்டும். எங்களைப் பார்த்த ஜன்னல்களைச் சாத்தி வைத்தாலும் உள்ளே காற்று வர ஏற்பாடு வேண்டும். வாங்குகிறவர் கையெழுத்திடும் பத்திரத்தில், பக்கத்தில் ராத்திரியும் ஓடுகிற வார்ப்பாலை இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எங்கள் பங்குக்கு, ரிவர்ஸ் ஹாரனை மென்மையான ஒலிக்கு மாற்றவும், ராத்திரி லாரிகளைத் தெற்கு வாசல் வழியாக விடவும் முடிவு செய்துவிட்டோம். நாக்அவுட் ஷெட்டை மூடுவதற்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். முழுச் செலவையும் எங்களால் தாங்க முடியாது, அதில் கட்டுகிறவருக்கும் பங்கு இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை ராத்திரிகளில் எங்களுக்கு வேலை அதிகம். குழுவில் யாராவது இரண்டு பேர் வந்து, அந்த நிலத்தில் அரை மணி நேரம் நின்று கேளுங்கள். வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், எத்தனை மணிக்கு வந்தாலும் கூடவே வந்து வழி காட்டுவார்.